நாற்பதாயிரம் ரூபாயை எதில் போடுவது? விளாகரா, சொந்த ரீல்ஸா, விளம்பரமா, வாட்ஸ்அப்பா

தீபாவளிக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடும் ஒரு சிறு உற்பத்தியாளர் சமூக ஊடகத்துக்கென்று நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருக்கும் உணவு விளாகர் ஒருவரை வரவழைத்து வீடியோ போடச் சொல்லலாம். தாமே செல்போனில் ரீல்ஸ் எடுத்துத் தொடர்ந்து வெளியிடலாம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் கட்டி விளம்பரம் ஓட்டலாம். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்களே நாலு பேருக்குச் சொல்லும்படி வாட்ஸ்அப்பில் வேலை செய்யலாம். நான்கிலும் பத்துப் பத்தாயிரம் போட்டுப் பார்ப்போம் என்பதுதான் பலர் எடுக்கும் முடிவு. அப்படிப் பிரித்தால் நல்ல விளாகரும் கிடைக்க மாட்டார், விளம்பரமும் எது எடுபடுகிறது என்று தெரியும் முன்பே தீர்ந்துவிடும் என்பதால் அந்த யோசனையை முதலிலேயே தள்ளிவிடுகிறேன்.

கடலைமிட்டாயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் பூமியின் நிலக்கடலை, தாமிரபரணித் தண்ணீர் என்று அதன் பெருமையை ஊர்க்காரர்கள் சொல்லி வந்ததற்கு அரசு முத்திரையும் சேர்ந்துகொண்டது. ஆகவே பெயரை அறிமுகப்படுத்தும் செலவு நம்முடைய உற்பத்தியாளருக்கு இல்லை. அதைவிட முக்கியமாக, காற்றுப்புகாமல் கட்டினால் கடலைமிட்டாய் வாரக்கணக்கில் கெடாது. கொரியரில் தூக்கிப் போட்டாலும் பெரிய சேதம் வராது. சென்னையில் பார்ப்பவரும் வாங்கலாம், பெங்களூரில் பார்ப்பவரும் வாங்கலாம். பக்கத்திலேயே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதன் புகழும் குறைந்ததில்லை. ஆனால் பால்கோவாவின் ஆயுள் சில நாட்கள்தான். கொரியர் இரண்டு நாள் தாமதமானால் வாடிக்கையாளர் பெட்டியைத் திறக்கும்போதே மனம் வாடிவிடும். பிரியாணிக் கடைக்கோ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் பார்த்து எந்தப் பயனும் இல்லை.

எந்த வழி சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், இந்தச் சரக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கேட்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். வைரல் என்று நாம் சொல்வது தூரத்தைக் கடந்து பரவுவதையே. வீடியோ ஆயிரம் கிலோமீட்டர் போகிறது, சரக்கு பத்துக் கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது என்றால் அந்தப் பார்வைகளில் மிகப் பெரும் பங்கு வாங்க முடியாதவர்களுடையது. அவர்கள் வாழ்த்துவார்கள், இதயம் போடுவார்கள். கல்லாவில் ஒரு ரூபாயும் விழாது.

இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எவ்வளவு போட முடியும் என்பது. நம்முடைய உற்பத்தியாளர் நாளொன்றுக்கு 80 கிலோ போடுகிறார், அதில் 60 கிலோ வழக்கமான கடைகளுக்குப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 20 கிலோ. இரண்டு கிலோ பார்சல் என்றால் நாளைக்குப் பத்துப் பார்சல். கொரியர், பெட்டி, கட்டுக்கூலி எல்லாம் போக ஒரு பார்சலில் 100 ரூபாய் நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை; அவரவர் தம்முடைய எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எண்கள் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

விளாகரை அழைப்பது

இந்த வழியின் கவர்ச்சி வெளிப்படையானது. காலையில் வந்து எடுத்துவிட்டுப் போவார்; வீடியோ வெளியான அன்றே போன் அடிக்க ஆரம்பிக்கும். முன்பின் தெரியாத ஒரு கடைக்கு ஒரே நாளில் முகம் கிடைத்துவிடுகிறது. ஆனால் நாற்பதாயிரத்தையும் ஒரே விளாகருக்குக் கொடுத்தால், பார்சலுக்கு 100 ரூபாய் வீதம் அந்தப் பணம் திரும்பி வரவே 400 ஆர்டர் வேண்டும். 400 ஆர்டர் என்பது 800 கிலோ. மிச்சமுள்ள 20 கிலோவில் அதைப் போட்டு அனுப்ப 40 நாள் ஆகும். வீடியோவைப் பார்த்து வரும் ஆர்டரோ முதல் மூன்று நான்கு நாளில் குவிந்துவிட்டுப் பிறகு வடிந்துவிடும் இயல்புடையது. பணம் கட்டியவர் ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்க மாட்டார். 'இன்னும் வரலை' என்ற பின்னூட்டங்கள் அதே வீடியோவின் அடியிலேயே சேரும். வழக்கமான கடைகளுக்குப் போக வேண்டிய 60 கிலோவில் கைவைத்தால், வருடம் முழுவதும் வாங்குகிற கடைக்காரர் பண்டிகை நேரத்தில் வேறு சரக்குக்குப் போய்விடுவார். அவசரத்துக்கு வெளியில் போட்டு வாங்கி அனுப்பினால் ருசி மாறும். வீடியோ தோற்றதால் வரும் நஷ்டத்தைக் காட்டிலும் வீடியோ வென்றதால் வரும் இந்த நஷ்டம் பெரிது, ஏனென்றால் இதில் நல்ல பெயரும் சேர்ந்து போகிறது.

டெல்லி மாளவியா நகரில் இருந்த பாபா கா தாபா என்ற சிறு உணவுக்கடையை நாடே அறியும். 2020 அக்டோபரில், வியாபாரமின்றி வருந்திய முதிய தம்பதியரின் வீடியோ ஒரே இரவில் பரவியது. மறுநாள் கடை முன்னால் வரிசை நின்றது. அந்த உற்சாகத்தில் டிசம்பரில் புதிதாக உணவகம் திறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அதை மூட வேண்டிவந்தது. மறுபடியும் பழைய சாலையோரக் கடைக்கே திரும்பினார்கள். வாடகையும் சம்பளமும் மாதாமாதம் வந்தன. கூட்டம் அப்படி வரவில்லை. அவர்கள் மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வீடியோ கொண்டுவந்த கூட்டத்தை அடுத்த மாதத்துக் கூட்டமாக எண்ணிச் செலவை ஏற்றிக்கொள்ளும் ஆபத்து, உதவும் எண்ணத்தோடு எடுக்கப்பட்ட வீடியோவிலும் இருக்கிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அப்படியும் விளாகர்தான் வேண்டும் என்றால், பேரம் பேசும் முன் அவருடைய கணக்கின் இன்சைட்ஸ் பக்கத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பார்ப்பவர்கள் எந்த எந்த நகரங்களில் இருக்கிறார்கள் என்று அதில் வரும். ஃபாலோயர் எண்ணிக்கையை விட அந்தப் பட்டியலே விலைக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். கொரியரில் அனுப்பும் கடலைமிட்டாய்க்குச் சென்னை, கோவை, பெங்களூர் என்று பட்டியல் இருந்தால் சரி. பெரும்பகுதி மலேசியாவும் வளைகுடாவும் என்றால் பெருமைதான் மிஞ்சும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் வீடியோவில் அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் நெறிமுறை வகுத்தது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் இதையே வழிகாட்டுதலாக வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அது பேசியவரோடு நிற்காது, பொருளை விற்பவர் மேலும் பாயும். 'சுகர் இருப்பவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம், வெல்லம்தானே' என்று விளாகர் ஆர்வத்தில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் உற்பத்தியாளர். வெளியிடும் முன் வீடியோவைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

சொந்தமாக எடுப்பது

இங்கேதான் என் சார்பு இருக்கிறது; மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த வழியில் இறங்கும் பலர் முதல் அடியிலேயே வழிதவறுகிறார்கள். எது ஓடுகிறதோ அந்தப் பாட்டுக்கு உதடசைத்து, அந்த வாரத்து மீமுக்குக் கடைப் பெயரை ஒட்டி, பார்வைகளை வாங்குகிறார்கள். பார்த்தவருக்குப் பாட்டு நினைவிருக்கும், கடை நினைவிருக்காது. நாட்டு நடப்பை ஒட்டிப் பேசும் விளம்பரத்தில் அமுல் வெற்றி பெற்றிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அமுல் சிறுமி 1960களிலிருந்து ஒரே முகத்தோடு, ஒரே கோட்டோவியப் பாணியில், விடாமல் வந்துகொண்டிருக்கிறாள். அந்தத் தொடர்ச்சிக்கு ஒரு நிறுவனமே பின்னால் நிற்கிறது. பாகு காய்ச்சுபவரால் அது ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை.

அவரிடம் இருப்பது வேலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிளெண்ட்டெக் என்ற மிக்ஸி நிறுவனம் இருக்கிறது. அதன் நிறுவனர் டாம் டிக்ஸன் தன்னுடைய மிக்ஸியின் பலத்தைச் சோதிக்க மரக்கட்டைகளை அதற்குள் போட்டு அரைப்பது வழக்கம். புதிதாக வந்த மார்க்கெட்டிங் அதிகாரி ஜார்ஜ் ரைட், தரையில் மரத்தூள் கிடப்பதைக் கண்டு விசாரித்தபோது இந்த வழக்கம் தெரியவந்தது. இதையே படம் பிடித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 2006இல் ஐம்பது டாலர் செலவில் கோலிக்குண்டு, தோட்டத்து வாருகோல், கோழி என்று வாங்கிவந்து, வெள்ளைக் கோட்டு போட்ட டிக்ஸனையே அரைக்கவைத்து யூடியூபில் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஐபோன் வந்தபோது அதையும் அரைத்தார்கள். அதுவரை சாதாரண வீடுகளில் அறியப்படாத மிக்ஸியின் பெயர் உலகம் முழுவதும் போனது. நான் இந்த உதாரணத்தை மறுபடி மறுபடி சொல்வதற்குக் காரணம், அங்கே யாரும் புதிதாக ஒரு வேடிக்கையைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான். பொருளின் தரத்தைச் சோதிக்கத் தினமும் செய்துவந்த காரியமே வேடிக்கையாக இருந்தது. வீடியோவைப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே, இந்த மிக்ஸி எதையும் அரைக்கும் என்ற செய்தியையும் வாங்கிக்கொண்டார்.

கடலைமிட்டாய்ப் பட்டறையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்தால், இருக்கிறது. வெல்லப்பாகு கொதித்து நிறம் மாறும் நேரத்தில் மாஸ்டர் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார். விரலால் உருட்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் போடுவார். 'டங்' என்று கல் விழுந்த மாதிரி சத்தம் கேட்டால் பதம் வந்துவிட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் காய வேண்டும். அந்தச் சத்தம் வந்த பிறகு அவருக்கு நேரம் இல்லை: வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பலகையில் பரப்பி, உருட்டுக்கட்டையால் சமப்படுத்தி, துண்டு போட்டாக வேண்டும். சோதனை, காத்திருப்பு, தீர்ப்பு, ஓட்டம் எல்லாம் முப்பது நாற்பது நொடியில் முடிந்துவிடுகின்றன. முதல் மூன்று நொடியில் தட்டில் விழும் சத்தத்தை வைத்து, 'இந்தச் சத்தம் வரலைன்னா மிட்டாய் பல்லுல ஒட்டும்' என்று மாஸ்டர் தன் வாயால் சொன்னால், பார்ப்பவர் கடைசிவரை இருப்பார். நல்ல கடலைமிட்டாய்க்கும் பல்லில் ஒட்டும் மிட்டாய்க்கும் என்ன வித்தியாசம் என்பதையும் அவர் வாழ்நாளுக்கும் தெரிந்துகொள்கிறார். அடுத்த முறை வேறு எங்காவது வாங்கிக் கடிக்கும்போது அந்தச் சத்தம் ஞாபகம் வரும்.

இதில் இன்னொரு சாதகமும் உண்டு. இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் திரைப்பாடல்கள் பலவற்றைப் பயன்படுத்த அனுமதி கிடைப்பதில்லை. தனிக் கணக்கிலிருந்து போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்தால், வியாபாரத்துக்குப் பாட்டைப் பயன்படுத்தியதற்குப் பதிப்புரிமைக்காரர் கேள்வி கேட்கலாம். வீடியோவின் ஒலியே நீக்கப்படலாம். தட்டில் விழும் பாகின் சத்தத்துக்கும் உருட்டுக்கட்டையின் சத்தத்துக்கும் யாரும் உரிமை கோர முடியாது.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்ன ஒரு விஷயம் இந்த முடிவுக்கு நேரடியாக உதவுகிறது. வீடியோ பரவுவதைத் தீர்மானிப்பவற்றில் பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்பப்படுவது ஆகிய மூன்றும் முதன்மையானவை என்றும், நம்மைப் பின்தொடராதவர்களிடம் போய்ச் சேர்வதில் அனுப்பப்படுவதற்கு மதிப்பு கூடுதல் என்றும் அவர் விளக்கினார். ஒருவர் ஒரு வீடியோவை இன்னொருவருக்கு அனுப்புவது எப்போது என்று யோசித்தால், 'நம்ம ஊர்', 'உங்க அம்மா இப்படித்தானே பதம் பார்ப்பாங்க', 'தீபாவளிக்கு இங்கே வாங்கலாமா' என்பன போன்ற காரணங்கள்தாம் முதலில் வருகின்றன. ஊரைவிட்டுப் போனவர்கள் நிறைந்த தென்மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை அங்கிருக்கும் வியாபாரிகளே இன்னும் முழுதாக உணரவில்லை என்பது என் வருத்தம். பின்னூட்டத்தில் 'அண்ணாச்சி, பெங்களூருக்கு அனுப்புவீங்களா? கிலோ எவ்வளவு?' என்று கேட்பவருக்கு அன்றே பதில் போட வேண்டும். விலையை இன்பாக்ஸில் சொல்கிறோம் என்று மழுப்பாமல் அங்கேயே எழுத வேண்டும். பார்ப்பவர் நூறு பேருக்கும் அதே கேள்விதான் இருக்கும்.

இந்த வழிக்குப் பொறுமை வேண்டும் என்பது இதன் பெரிய குறை. முதல் வீடியோ சில நூறு பேரோடு நின்றுவிடலாம். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018இல் தொடங்கி, 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரரை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலானது. வெட்டவெளி, பெரிய பாத்திரம், அதே குடும்பத்து ஆட்கள் என்று ஒரே வடிவத்தை அவர்கள் விடாமல் காப்பாற்றினார்கள். பார்ப்பவருக்கு அடுத்த வீடியோவில் என்ன இருக்கும் என்பது பாதி தெரியும், மீதிக்காகத்தான் வருவார். பட்டறைக்காரரும் வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு, கடலை தரம் பிரிப்பது, வெல்லத்தைக் கரைத்து மண் வடிகட்டுவது, மழைக்காலத்தில் மிட்டாய் நமுத்துப்போகாமல் காப்பது என்று வேலையின் ஒவ்வொரு அங்கத்தையும் எடுத்துவந்தால் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் விஷயம் இருக்கிறது. செலவென்று பார்த்தால் ஒரு முக்காலி, சட்டையில் குத்தும் ஒரு மைக், சன்னலோர வெளிச்சம், பேசுவதை எழுத்திலும் காட்டுவதற்கான இலவசச் செயலி ஆகியவைதாம். வாரத்தில் ஒரு அரைநாள் யாராவது இதற்கென்று உட்கார வேண்டும். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தே செய்யச் சொல்லலாம். ஓசியில் கேட்டால் மூன்றாவது வாரம் நின்றுவிடும்.

ஒரே வீடியோவில் எல்லாம் நடந்த கதையும் உண்டு. 2012 மார்ச்சில் சவர பிளேடு விற்கும் அமெரிக்க நிறுவனமான டாலர் ஷேவ் கிளப் 4,500 டாலர் செலவில் எடுத்த ஒன்றரை நிமிட வீடியோ, இணையதளத்தை முடக்கும் அளவுக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. 48 மணி நேரத்தில் 12,000 ஆர்டர் வந்தது. நான்கு ஆண்டு கழித்து யூனிலீவர் அந்த நிறுவனத்தை வாங்கியது. இதைக் காட்டி 'ஒரு வீடியோ போதும்' என்பவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதில் பேசிய நிறுவனர் மைக்கேல் டூபின் மேடை நகைச்சுவையில் பயிற்சி பெற்றவர். இரண்டாவதாக, அங்கே ஒரு ஆர்டர் என்பது மாதாமாதம் பிளேடு அனுப்பும் சந்தா. ஒருமுறை வந்தவர் அடுத்த மாதமும் தானாக வந்தார். நம்முடைய சரக்குக்கு அந்த அடுத்த மாதத்தை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பணம் கட்டி ஓட்டும் விளம்பரம்

விளம்பரத்தின் தனிச்சிறப்பு, குழாயைப் போல வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடலாம் என்பது. நாளைக்குப் பத்துப் பார்சல்தான் முடியும் என்றால் பத்து வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். விளாகர் வீடியோவிலும் வைரலான ரீலிலும் இந்த வசதி கிடையாது. எந்த ஊர், எந்த வயது என்று தேர்ந்தெடுக்கவும் முடியும்.

கணக்கைப் பார்ப்போம். 10,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 11,800 ரூபாய் கையை விட்டுப் போகும். விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும்படி அமைத்து, ஒரு விசாரிப்புக்கு 20 ரூபாய் ஆகிறது என்று வைத்தால் 500 பேர் விசாரிப்பார்கள். ஐந்தில் ஒருவர் வாங்கினால் 100 ஆர்டர். ஒரு ஆர்டருக்கு 118 ரூபாய் செலவு. நிற்பது 100 ரூபாய். முதல் ஆர்டரில் 18 ரூபாய் நஷ்டம். இந்த இடத்தில் பலர் விளம்பரம் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நூறு பேரில் முப்பது பேர் பொங்கலுக்கு மறுபடி வாங்கினால் அந்த முப்பது ஆர்டரில் 3,000 ரூபாய் நிற்கும்; முதலில் விட்ட 1,800 ரூபாய் திரும்பி வந்துவிடும். விளம்பரத்தின் லாபமும் நஷ்டமும் ஆக இரண்டாவது ஆர்டரில்தான் தெரியும். நூறு பேரின் எண்ணையும் சேமித்து வைக்காதவருக்கு அந்த இரண்டாவது ஆர்டரே கிடையாது.

போட்ட எந்தப் பதிவுக்கும் கீழே வரும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்திவிடுவது இன்னொரு விரயம். அது பார்வையையும் லைக்கையும் கூட்டித் தரும். விசாரிப்பு வேண்டும் என்ற குறிக்கோளை, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை அமைக்கும் ஆட்ஸ் மேனேஜரில் தேர்ந்தெடுத்து ஓட்டும்போது கிடைக்கும் கட்டுப்பாடு அதில் குறைவு. அதோடு, காசில்லாமல் போட்டபோதே நாலு பேர் பார்த்துவிட்டு அனுப்பிய வீடியோவுக்குப் பின்னால்தான் பணத்தை வைக்க வேண்டும். யாரும் பார்க்காத வீடியோவைப் பணம் கொடுத்துக் காட்டினாலும் விரல் தாண்டித்தான் போகும். சொந்த வீடியோ இல்லாமல் விளம்பரத்தில் மட்டும் இறங்குவதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுவே.

வாட்ஸ்அப் என்னும் பழைய வழி

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அதில் லட்சக்கணக்கான ஃபாலோயரை வைத்திருந்தவர்கள் மறுநாள் காலை யாரையும் அடைய முடியாமல் நின்றார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் ஃபாலோயர் கூடவே வரவில்லை. வாடிக்கையாளரின் போன் எண் நம் கையில் இருந்தால் எந்தச் செயலி போனாலும் கவலை இல்லை.

வாட்ஸ்அப் பிசினஸில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். எனவே பார்சலுக்குள் ஒரு சிறு சீட்டு வைத்து, 'இந்த எண்ணைச் சேமித்துவிட்டு ஒரு ஹாய் அனுப்புங்கள், அடுத்த முறை புதுச்சரக்கு வந்ததும் சொல்கிறோம்' என்று எழுதுவது அவசியம். இதனால் எதுவும் வைரலாகாது. மேலே போட்ட விளம்பரக் கணக்கு தேறுவதும் தேறாமல் போவதும் இந்தச் சீட்டில் இருக்கிறது.

ஆகவே நம் உற்பத்தியாளரின் நாற்பதாயிரத்தை நான் இப்படிப் பார்க்கிறேன். முதல் ஆறு வாரம் விளம்பரத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். மைக், முக்காலி, எடுத்துத் தருபவருக்கான தொகை, நொறுங்காத பெட்டி, உள்ளே வைக்கும் சீட்டு ஆகியவற்றில் பதினைந்தாயிரம் போகட்டும். அதற்குள் பன்னிரண்டு வீடியோ வந்திருக்கும். எது அனுப்பப்படுகிறது என்பது தெரிந்திருக்கும். அந்த ஒன்றிரண்டின் பின்னால், ஜி.எஸ்.டி. உள்பட, இருபதாயிரம் வரை சிறுகச் சிறுக விளம்பரமாகப் போகட்டும், தினம் பத்துப் பார்சல் என்ற வரம்பை மீறாமல். மிச்சம் ஐயாயிரம் கொரியரில் கெட்டுப்போனதற்கு மாற்றுச் சரக்கு அனுப்ப. விளாகருக்கு இதில் இடமில்லை. பட்டறையில் நாளைக்கு 200 கிலோ போடும் வசதி வந்தால், இடம் வரும்.

புதிதாகத் திறந்த ஓட்டலுக்கு என் பதில் வேறாக இருக்கும். நான்கு வழிச் சாலையோரம், நூறு பேர் அமரும் இடம், மேசை பாதி காலி என்றால், அந்த மாவட்டத்துப் பார்வையாளர்களை வைத்திருக்கும் சிறு விளாகர் ஒருவரை அழைப்பதே முதல் செலவாக இருக்கட்டும். பெரிய பெயரைவிடப் பக்கத்து ஊர்ப் பெயர் பயன்படும். கூகுள் மேப்பில் கடையின் இடம், நேரம், படங்கள் எல்லாம் சரியாக இருப்பது அதற்கும் முந்திய வேலை; அதற்குக் காசும் இல்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புபவர் அங்கேதான் தேடுவார்.

கடலைமிட்டாய்க்காரர் முதல் வீடியோவை வெளியிடும் முன் முடித்தாக வேண்டிய காகித வேலை ஒன்று மீதியிருக்கிறது. உள்ளூரில் விற்கும்வரை ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் காலம் தள்ளலாம். வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர், விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், பதிவு செய்தாக வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு அனுப்பவே முடியாது. பெங்களூரிலிருந்து வரும் முதல் 'அனுப்புவீங்களா'வுக்கு ஆம் என்று எழுதும் முன் கணக்காளரிடம் இதைப் பேசிவிட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரம் கொரியர் அலுவலகங்கள் நிரம்பி வழியும் என்பதால், பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே விளம்பரத்தை நிறுத்திவிட்டு, இந்தத் தேதிக்கு மேல் வரும் ஆர்டர் தீபாவளிக்குப் பிறகுதான் கிடைக்கும் என்று வீடியோவிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அறிவித்துவிடலாம்.